பெண்கள் நாளில் நட்டுவக்காலி உலாப்போன கதை

மகள் ரஹ்மாவுக்கும் மகன் ஜவாதுக்கும் வாப்பா எழுதிக்கொள்வது.

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன தொழிலுக்கே இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மகள் பாடசாலை ஆய்வுகூடத்தில், மகன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில். சந்தோசம்தான். போத்தல் கழுவுவது, மருந்து நிறுப்பது, எதை எதற்குள் ஊற்றக்கூடாது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குள் தலையிடப் போவதில்லை.

நான் எழுத நினைத்தது வேறு. ஒரு காரியம் பிழைத்துப்போன பிறகு, அது மற்றவர்களுக்குத் தெரியவருவதற்கு முன்னால், நமக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். சோற்றுப்பானை அடிப்பிடித்தது அடுப்படியில் நிற்பவளுக்குத் தெரியும், விருந்துக்கு வந்தவர்களுக்கு இன்னும் மணக்கவில்லை. அந்த மாதிரி நேரம். நம்முடைய தொழிலில் ஒருவருடைய பெறுமதி அந்த நேரத்தில்தான் தெரியும். அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்க முடியாது. கதையாகச் சொன்னால் ஒருவேளை மனதில் நிற்கும். உங்களோடு வேலைக்குச் சேர்ந்திருக்கிற புதுப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இது ஐம்பதுகளில் நடந்தது. கல்முனையில் ஒரு பாடசாலையின் விஞ்ஞான அறைக்கு நான்தான் எல்லாம்: திறப்பு என்கிற சாவி வைத்திருக்கிறவன், கூட்டுகிறவன், தவளை பிடிக்கிறவன். அந்த நாளில் மேற்கே காடு வெட்டிக் கொண்டிருந்தார்கள். இறக்காமத்துப் பக்கமிருந்து விறகு வண்டிகள் கிழமைக் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். வண்டிக்காரர்கள் விறகு இறக்கும்போது மரப்பட்டைக்குள்ளிருந்து எது விழுந்தாலும் அடித்துக் கொல்லாமல் எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். அப்படி வந்ததுதான் நட்டுவக்காலி.

நீங்கள் டவுனில் வளர்ந்ததால் கண்டிருக்க மாட்டீர்கள். தேள்தான், ஆனால் வளர்ந்த ஆளின் கையை விரித்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு நீளம். நிறம் கறுப்பு, வெயிலில் பிடித்தால் அதற்குள் ஒரு கரும்பச்சை ஓடும். முன்னுக்கு இரண்டு பெரிய கொடுக்குகள், நண்டுக்கு இருப்பதைவிடத் தடிப்பு. கண்டவுடன் ஆளுக்குக் கை கால் ஓடாது. ஆனால் அதனோடு பழகிப் பார்த்தால், அதைப்போல வீட்டோடு கிடக்கிற பிராணி வேறில்லை. பகல் முழுதும் மரத்தடியிலோ மண் வளையிலோ அசையாமல் கிடக்கும். இருட்டினால் வளை வாசலுக்கு வந்து காத்திருக்கும். கரப்பானோ வெட்டுக்கிளியோ தானாக வந்து சேரும். கிடைத்தால் சாப்பாடு, கிடைக்காவிட்டால் நாளைக்கு. கிழமைக் கணக்கில் பசி கிடக்கும். சாப்பிட்டால் கரப்பானை அரைத்து, சாற்றை உறிஞ்சி, மிச்சத்தைச் சின்ன உருண்டையாகத் துப்பிவிடும். வெற்றிலைச் சப்பல் துப்புகிற மாதிரி.

எங்களுடைய விஞ்ஞான மாஸ்டர் நல்ல இரக்கக்காரர். முதலில் வந்த நட்டுவக்காலியை ஒரு பழைய மிட்டாய்க்கடைக் கண்ணாடிப் பெட்டியில் மண்ணும், ஒளிவதற்கு ஒரு ஓட்டுத்துண்டும் போட்டு விட்டிருந்தோம். இரண்டாவது வந்ததும், "பாவம், தனியக் கிடக்குது. சோடியா இரிக்கட்டும்" என்று அதையும் உள்ளே விடச் சொன்னார். அடுத்த நாள் காலையில் பார்த்தால் ஒன்றுதான் இருந்தது. வயிறு பெருத்துப்போய், ஓட்டுத்துண்டுக்கு அடியில் நிம்மதியாகக் கிடந்தது.

பாடசாலை அதிபர் வந்து, "மத்தது எங்கடா? ஓடிட்டா?" என்று கேட்டார்.

"இல்ல சேர், உள்ளுக்குத்தான் இரிக்கி" என்றேன்.

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கினதும் ஒரு கிழமைக்கு அந்த அறைப் பக்கமே வரவில்லை. பிள்ளைகளே, ஒரு உயிரைப் பராமரிக்கிற பொறுப்பு உங்களுக்கு வந்தால், எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்காதீர்கள். அதற்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். நமக்குத் தனிமை துன்பம். நட்டுவக்காலிக்கு அதுதான் சொர்க்கம்.

இது சின்னப் பிழை. சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இனிச் சொல்லப் போவதுதான் பெரியது.

அடுத்த வருசம் வந்த நட்டுவக்காலி ஒரு தாய். மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று அடிக்கத் தொடங்கின காலத்தில் குட்டி போட்டது. ஓம், குட்டிதான், முட்டை இல்லை. ஊறவைத்த அரிசி மாதிரி வெள்ளை வெளேரென்ற குட்டிகள், கண்ணும் வாலும் கொடுக்கும் கச்சிதமாக. பிறந்தவுடன் ஒவ்வொன்றாகத் தாயின் கொடுக்கைப் பிடித்து ஏறி முதுகில் போய் இருந்துகொண்டன. முதல் தோலைக் கழற்றும் வரைக்கும் அங்கேதான் இருப்பு. தாய் எங்கே போனாலும் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகும். பதறப்பண்ணினால் மட்டும் ஆபத்து; சில வேளை தன் குட்டியையே தின்றுவிடும். அதனால் நான் அந்தப் பெட்டிக்குக் கிட்ட ஒருவரையும் அண்டவிடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வைத்தார்கள். மாஸ்டர் அந்தப் பெட்டியையும் மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாள் ஆண்களுக்கு. மூன்றாம் நாள், மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு, பெண்களுக்கு மட்டும். நம்மூர்ப் பெண்கள் அப்படி ஒன்றுக்கு வருவது அதுதான் முதல் தரம். அதற்காகப் பாடுபட்டவ ஒரு டீச்சர். மெதடிஸ்த சபையைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவ ஆள். சின்ன வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவ. பிள்ளைகள் வயசுக்கு வந்ததும் வகுப்பைவிட்டு நிற்பாட்டிவிடுகிறார்கள், மேல்வகுப்பில் பெண்களுக்கும் விஞ்ஞானம் தொடங்க வேண்டும் என்று அவவுக்கு ஒரே ஆசை. முக்கியமாக சபியா என்ற பிள்ளைக்காக. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிற பிள்ளை அது. அந்த வருசத்தோடு நிற்பாட்டுவதாக வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

சபியாவின் வாப்பாதான் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார். பாடசாலைக் காரியங்களிலும் அவர் சொல்வதுதான். நல்ல மனிசர். குரல்தான் பெரிசு. மோதினார் இல்லாத நாளில் அவர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால், தூரத்து மாவடிப்பள்ளி வயலில் நிற்கிறவனும் வாய்க்காலில் முகம் கழுவத் தொடங்குவான் என்று பகிடியாகச் சொல்வார்கள்.

அவர் டீச்சரிடம் ஒரே கதையாகச் சொல்லியிருந்தார். "நம்மட பொம்பிளையள் முதல் தரம் வாறாங்க. ஒரு குறையும் இல்லாம முடிஞ்சா, மறுகா மேல்வகுப்பப் பத்திக் கதைப்பம். ஒரு சின்னக் கரைச்சல் வந்தாலும், டீச்சர், இந்தக் கதைய இனி எடுக்கப்படாது."

ஆண்களுடைய இரண்டு நாளும் நட்டுவக்காலி எங்களை மானக்கேடாக்கியது. மண்டபம் நல்ல வெளிச்சம். அது ஓட்டுத்துண்டுக்கு அடியில் போய்க் கிடந்ததுதான், வெளியே வரவே இல்லை. வந்தவர்களெல்லாம், "எங்கடா தேள்? வெறும் மண்ணக் காட்டியா எங்கள ஏமாத்துறீங்க?" என்று கேட்டார்கள். சரி, வாலாவது தெரியட்டும் என்று மாஸ்டர் ஒரு நீட்டு மரப்பட்டையைப் பெட்டி மூலையில் சாய்த்து வைத்தார். அதற்கும் அது வரவில்லை. பெட்டிக்குக் கம்பிவலை மூடி ஒன்று இருந்தது. வெயிலில் அதன் சட்டம் நெளிந்து ஒரு மூலை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டு செங்கல்லில் அடையாளத்துக்கு நீல மை பூசி மூடிக்கு மேல் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மண்டபத்து யன்னல்களுக்கும் வாசலுக்கும் தடிச்ச சீலைகளால் மறைப்புக் கட்டினார்கள். வெளியில் நிற்கிற ஆண்களின் கண் உள்ளே படக்கூடாது. அந்த வேலையில் மரைக்கார் தானே முன்னுக்கு நின்றார். லுஹர் தொழுகை முடிந்ததும் திரை கட்டின வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. முக்காடு போட்ட பெண்கள், கைக்குழந்தைகள், குடைகள். எல்லாரும் உள்ளே போனார்கள். ஆண்கள் வெளியே. மாஸ்டரும் அதிபரும் காரியாலயத்துக்குப் போய்விட்டார்கள். வாசல் மறைப்புக்கு வெளியே ஒரு பக்கம் மரைக்கார் கதிரை போட்டிருந்தார். மற்றப் பக்கம் நான், ஏதாவது தேவைப்பட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு.

உள்ளே ஒரே சிரிப்பும் கலகலப்பும். மரைக்காருக்கு மெத்தச் சந்தோசம். கச்சான் காற்று வந்து மறைப்பை அடித்தது. அது அசையவில்லை.

"பாத்தியாடா மனே, எப்பிடி நிக்கிது!" என்றார். "கீழுக்குப் பாரம் வெச்சதாலதான்."

கீழே பார்த்தேன். மறைப்புச் சீலையின் அடி ஓரத்தில் இரண்டு செங்கல். நீல மை பூசினது.

"இது எங்க கிடந்த கல்லு, மரைக்கார்?"

"அந்தத் தேள் பெட்டிக்கு மேல சும்மாதானே கிடந்திச்சி. எடுத்து வெச்சன்."

வெளிச்சத்தில் இரண்டு நாளும் அசையாமல் கிடந்த பிராணிக்கு இன்றைக்கு யன்னலெல்லாம் மூடி மண்டபம் முழுதும் மஃரிப் நேரத்து இருட்டாக்கிக் கொடுத்திருக்கிறோம். பெட்டிக்குள் ஏறுவதற்குப் பட்டை. மேலே நெளிந்த மூடி. மூடிக்குப் பாரம் இல்லை. மேசைச் சீலை நிலம் வரைக்கும் தொங்குகிறது, அதைப் பிடித்து இறங்கலாம். கண்ணாடியில் அதற்கு ஏற முடியாது, மற்ற எல்லாவற்றிலும் முடியும். அது உள்ளே உலாவிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குக் கண்ணால் கண்ட மாதிரித் தெரிந்தது. உள்ளே இருந்த ஒருவருக்கும் தெரியாது.

இதுதான் நான் முன்னே சொன்ன நேரம்.

மரைக்காரிடம் சொல்லலாமா? சொன்னால் அவர் வாய் திறப்பார். அவர் வாய் திறந்தால் மண்டபம் முழுதும் கேட்கும். அந்த மண்டபத்துக்குத் திறந்திருந்த வாசல் இது ஒன்றுதான், அதுவும் ஒடுக்கம். பெண்கள் எல்லாரும் இதற்குள்ளால் விழுந்தடித்து வரவேண்டும். நட்டுவக்காலி கொட்டினால் ஒருவருக்குக் கடுமையான வலி, வீக்கம். அதன் கொட்டால் வளர்ந்த ஆள் செத்ததை நான் கண்டதில்லை. ஆனால் பயந்து ஓடினால் கைக்குழந்தைகள் மிதிபடும். மறைப்பைக் கழற்றி வெளிச்சத்தை விடலாமா? அது உடனே ஒளிந்துகொள்ளும், எங்கே என்று தெரியாமல் போகும். அதோடு பெண்கள் எல்லாரும் தெருவுக்குத் தெரிவார்கள். நானே உள்ளே போகலாமா? போனால் அன்றைக்கே கண்காட்சி முடிந்தது, சபியாவின் படிப்பும் முடிந்தது.

பெரிசாக இருப்பதெல்லாம் ஆபத்தில்லை, பிள்ளைகளே. தேளில் ஆபத்தானது வால். கூட்டத்தில் ஆபத்தானது ஓட்டம். எதைக் கண்டு ஆட்கள் பதறுவார்களோ அதைவிட்டு, பதறினால் என்ன நடக்கும் என்பதை முதலில் பாருங்கள்.

தொண்டையைச் செருமி, மறைப்புக்கு இந்தப் பக்கமிருந்து, "டீச்சர், ஒரு நிமிசம்" என்றேன். அவ கிட்ட வந்தது மூச்சில் தெரிந்தது. மரைக்காருக்குக் கேட்காமல் மெல்லமாகச் சொன்னேன்: "மூடியில இருந்த கல்லு ரெண்டும் இஞ்ச வெளியில கிடக்கு."

மேசைப் பக்கம் போய்ப் பார்த்திருப்பா. திரும்பி வந்து பெரிய குரலில், சிரித்துக்கொண்டு, "அப்பிடியா தம்பி? மிச்சம் நல்லது! அப்ப நாங்க பாடத்தத் தொடங்குவம்" என்றா. அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்ததென்று சொன்னால் நான் பொய்யன்.

"தாய்மாரே, பிள்ளைகளே! எல்லாரும் வாங்குப் பலகையில ஏறி, காலையும் மேல தூக்கி வெச்சுக்கொள்ளுங்க. பிள்ளையளையும் மடியில தூக்குங்க."

"என்னத்துக்கு டீச்சர், வெள்ளமா வரப்போகுது?" என்றது ஒரு குரல்.

"நட்டுவக்காலி எப்பிடி உலகத்த அறியுது எண்டு காட்டப்போறன். அதுக்குக் கண் மட்டு. காலாலதான் கேக்கும். மண்ணில ஒரு பூச்சி நடந்தாலும் அதுக்குக் கால் சொல்லிக் கொடுக்கும். நாம நிலத்தில கால் வெச்சா அது அசையாமக் கிடந்திடும்."

"அல்லாவே! காலால கேக்குமாமே!"

"என்ட மனிசன் காதாலயே கேக்குறல்ல!"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. வாங்குகள் கிறீச்சிட்டன. பிறகு ஒவ்வொருவராக ஏறி இருந்து, மண்டபம் அமைதியானது. டீச்சர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் அதிராவிட்டால் நட்டுவக்காலி நடக்கும். நடந்தால் கண்ணில் படும்.

மரைக்கார் என்னை உறுத்துப் பார்த்தார். "என்னடா, சத்தத்தக் காணல்ல?"

"பாடம் நடக்குது, மரைக்கார்."

"நம்மட பொம்பிளையள் இவ்வளவு பேர் ஒரு இடத்தில கூடிச் சத்தமில்லாம இரிக்காங்களா? இல்லடா, என்னமோ நடந்திரிக்கி."

"டீச்சர் நல்லாப் படிப்பிக்கிறா."

அவர் சந்தேகத்தோடு கதிரையை மறைப்புக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக் காதைக் கொடுத்தார்.

உள்ளேயிருந்து டீச்சரின் குரல். "வெளிய நிக்கிற தம்பிதான் இதுக்குச் சாப்பாடு போடுற. அவரிட்டக் கேப்பம். தம்பி, இந்தப் பிராணி வீட்டவிட்டு வெளிக்கிட்டா எங்க போகும்?"

அது பாடமில்லை, எனக்குத்தான் கேள்வி. "சுவரோரமாப் போகும் டீச்சர். நட்ட நடுவில நடக்காது. உடம்பு எதிலயாவது முட்டிக்கொண்டு இருக்கிறதுதான் அதுக்கு விருப்பம்."

"சுவரோரம். விளங்கிச்சா பிள்ளைகளே? சபியா, நீங்க அந்தப் பக்கச் சுவரைக் காட்டுங்க." மெல்லிய காலடிச் சத்தம். நல்ல வேளையாக, பெட்டி மேசையில் விளக்கம் சொல்வதற்கு நின்றது சபியாதான். அவளுக்கும் விசயம் விளங்கிவிட்டது. "இங்க ஒண்டுமில்ல டீச்சர்" என்றாள், பாடம் ஒப்புவிக்கிற குரலில்.

மரைக்கார் என் பக்கம் குனிந்தார். "கொட்டினா ஆள் மவுத்தாப் போகுமா எண்டு கேளுடா."

"நானே சொல்றன் மரைக்கார். முன்கொடுக்குப் பெரிசெண்டா விசம் குறைவு. அது கையால பிடிச்சே வேலைய முடிச்சிடும். கொடுக்கு மெலிஞ்சு வால் தடிச்ச சின்னத் தேளுக்குத்தான் கூடப் பயப்படணும்."

"மெய்யாவா?" என்றார். பிறகு தனக்குள்ளே, "ஊருக்குள்ளயும் அப்பிடித்தான்" என்றார்.

"தம்பி," டீச்சரின் குரல் இப்போது கொஞ்சம் வேகம். "சுவரோரத்தில இல்லாட்டி, வேற எங்க?"

கச்சான் காலத்துச் சூடு. குட்டிகளைச் சுமக்கிற தாய். அதற்கு இப்போது என்ன வேண்டும்? எனக்கு ஒன்றுதான் பட்டது.

"ஈரம் டீச்சர். ஈர மண் எங்க கிடக்கோ அங்க போகும்."

மண்டபத்துக்குள் ஈர மண் இருந்தது ஒரே ஒரு இடத்தில். வருகிறவர்கள் குடிப்பதற்கு வைத்த தண்ணீர்க் குடத்தைச் சரியாமல் இருக்க நான்தான் ஈர மண் நிரப்பின தட்டத்தில் வைத்திருந்தேன். உள்ளே ஒரு பெருமூச்சுக் கேட்டது. காரணம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாப் பெண்களும் வாங்கில் ஏறியபோது ஒருவர் மட்டும், "என்ட முழங்காலுக்கு வாங்கில ஏறவா? நான் இஞ்சயே குளிர்மையா இரிக்கன்" என்று குடத்தடியில் கதிரை போட்டு, காலை நிலத்தில் நீட்டி, சீலையைப் பரப்பிக்கொண்டு இருந்தா. அது சபியாவின் உம்மா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். கண்ணால் கண்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"உம்மா." சபியாவின் குரல்.

"என்னடி?"

"காலை அசைக்காதீங்க."

"ஏன், எறும்பா?"

"இல்ல உம்மா. உங்கட சீலைக் கரையில ஒரு தாய் இருக்கா. முதுகில பிள்ளையளோட."

மரைக்கார் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது, ஊரே சலாம் சொல்கிற மனிசரின் தோளைப் பிடித்து அமத்தினேன்.

பிறகு அந்த உம்மாவின் குரல், மெல்லமாக: "எத்தின புள்ளையள்?"

"எண்ணல்ல உம்மா."

"சரி. பதறாம எடு. புள்ளத்தாச்சியா இருந்து பெத்த உசிரு, பாவம். பதறப்போகுது."

டீச்சர் இடுக்கியை நீட்டினாவாம். சபியா அதைப் பார்த்தாளாம், தாயின் முதுகைப் பார்த்தாளாம், வேண்டாம் என்று தலையாட்டினாளாம். இடுக்கியால் பிடித்தால் குட்டிகள் நசுங்கும், தாய் சினந்து வாலைத் தூக்கும். பக்கத்து மேசையில் இருந்த வாயகன்ற கண்ணாடிச் சாடியை எடுத்து, அதன்மேல் மெல்லக் கவிழ்த்து, படம் ஒட்டின ஒரு அட்டையைச் சீலைக்கும் சாடிக்கும் நடுவில் நூல் நூலாக நகர்த்தி, நிமிர்த்தி எடுத்துவிட்டாள். அவளுக்கு இதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே யோசித்தது.

அதன் பிறகுதான் சத்தம். ஆனால் நான் பயந்த சத்தமில்லை. வாங்குகளிலிருந்து எல்லாரும் இறங்கிச் சாடியைச் சுற்றிக்கொண்டார்கள்.

"பாருங்ககா, எல்லாத்தையும் சுமக்குது!"

"தாய்ர வயிறு வெடிச்சுத்தான் தேள்க் குஞ்சு பொறக்கும் எண்டு சொன்னாங்களே?"

"உசிரோடதானே நிக்கிது. ஆரோ ஆம்பிளை சொன்ன கதையாயிரிக்கும்."

டீச்சர் இப்போது உண்மையான பாடத்தைத் தொடங்கினா. கேள்விகள் மழையாக வந்தன. குட்டி எப்போது இறங்கும்? இறங்கின பிறகு தாயை அறியுமா? தகப்பன் எங்கே? கடைசிக் கேள்விக்கு டீச்சர் கொஞ்சம் தயங்கி, "தகப்பன் இதில ஒண்டுக்கும் வாறல்ல" என்றா. அதற்கு எழுந்த சிரிப்பு காரியாலயம் வரைக்கும் கேட்டதாம்.

மறைப்புக்குக் கிட்ட ஒரு குரல் வந்தது. "இஞ்சாருங்க."

மரைக்கார் நிமிர்ந்து இருந்தார். அவருடைய மனிசி, சபியாவின் உம்மா.

"காலைல மறைப்புக் கட்ட உள்ள வந்தது நீங்கதானே? அந்தப் பெட்டிக்கு மேல கிடந்த கல்ல எடுத்தது ஆரு?"

மரைக்கார் செங்கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"காத்துக்கு…" என்று தொடங்கினார்.

"காத்துக்கா? அப்ப சரி. புள்ள அடுத்த வருசமும் படிக்கட்டும். மத்தப் புள்ளையளும் படிக்கட்டும். இல்லாட்டி அஸர் தொழுகைக்குள்ள இந்தக் கதை ஊருக்கெல்லாம் தெரியும்."

இவ்வளவு பெரிய குரல் உள்ள மனிசர் இவ்வளவு மெல்லமாகக் கதைத்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "நான் எப்ப படிக்க வேணாமெண்ட? ஒரு குறையும் இல்லாம முடிஞ்சாத் தொடங்குவம் எண்டுதானே சொன்ன. ஒரு குறையும் இல்லாமத்தானே முடிஞ்சிரிக்கி." என் பக்கம் திரும்பினார். "என்னடா மனே, ஏதாச்சும் குறை கண்டியா?"

"ஒண்டும் காணல்ல, மரைக்கார்."

"நல்ல பொடியன்" என்று என் முதுகில் தட்டினார். முதுகு இரண்டு நாள் வலித்தது.

மேல்வகுப்பு அடுத்த பள்ளித் தவணையிலேயே தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு தட்டி வைத்துத்தான். அதுவும் ஒரு வருசத்துக்குள் எங்கேயோ போய்விட்டது. சபியா முதல் வாங்கில் இருந்தாள்.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். டீச்சர் பயப்படவில்லை என்று நினைக்காதீர்கள். சுண்ணக்கட்டி கையிலிருந்து இரண்டு தரம் விழுந்ததாகப் பிறகு சொல்லிச் சிரித்தா. பயத்தை வைத்துக்கொண்டே அந்த நேரத்துக்கு ஆன வேலையைச் செய்தா. ஆட்களைக் கலைத்துவிடாமல், ஏமாற்றாமல், ஒரு வேலை கொடுத்து இருத்திவைத்தா. உங்களுடைய ஆய்வுகூடத்திலும் ஒரு நாள் ஏதாவது உடையும், கசியும், ஓடும். அப்போது உங்கள் முதல் வார்த்தை என்னவென்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

அன்றைக்குப் பின்நேரம் வண்டிகளெல்லாம் போய் முடிந்த பிறகுதான் நான் மண்டபத்துக்குள் போனேன். ஒருவரும் இல்லை. மறைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்தேன். நட்டுவக்காலி கண்ணாடிப் பெட்டிக்குள் திரும்பவும் ஓட்டுத்துண்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. குடத்தைத் தூக்கும்போதுதான் கண்டேன், தட்டத்து ஈர மண்ணின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. சோற்றுப் பருக்கை என்று நினைத்துக் குனிந்தேன். அது வாலை நிமிர்த்தியது.

ஒரு கோழி இறகைத் தேடி எடுத்து, அதில் அதை ஏற்றிக் கொண்டுபோய்த் தாயின் முன்னால் மெல்ல விட்டேன். தாய் அசையவில்லை. குட்டி தட்டுத் தடுமாறி நின்றது. மறைப்பில்லாத மேற்கு யன்னலால் வெயில் நேரே பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான் யன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவில் போய், என் நிழல் அதுகளின்மேல் விழுகிற மாதிரி நின்றேன். குட்டி தாயின் கொடுக்கைப் பிடித்து ஏறி மற்றவற்றோடு போய்ச் சேரும் வரைக்கும் அப்படியே நின்றேன்.